மூன்றாவது முறை மங்கியபோது

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். என் கணவருக்கு ஊர் எல்லையில் இருந்த ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை. வீட்டுக்கு வந்தால் அறிவியல் பத்திரிகை. கடையில் துவரம்பருப்பு வாங்க மறந்துவிடுவார். பூமி மாதிரி வேறு உலகங்களைத் தேட விஞ்ஞானிகள் விண்வெளிக்குத் தொலைநோக்கி அனுப்பப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் மறக்கமாட்டார். அந்தத் திட்டத்தை மேலிடம் தட்டிக்கழித்ததாகப் படித்தால், தன் சம்பள உயர்வையே நிறுத்தியதுபோல் முகம் வாடும்.

"அந்த உலகம் கண்ணுக்குத் தெரியாது. தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போறப்ப வெளிச்சம் துளியூண்டு மங்கும். கீழேருந்து பார்த்தா காத்து ஏமாத்திடும். அதான் மேல போகணும். ஒரு தடவை மங்கினா நம்பக்கூடாது. மூணு தடவை, ஒரே இடைவெளியில மங்கணும்" என்பார்.

முந்தைய மழைக்காலத்தில் எங்கள் மூன்று வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அதன்பின் அவர் நட்சத்திரங்களைப் பற்றியே பேசினார், அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டைக் காலி செய்துவிட்டு ஹெப்பாள் பக்கமே போய்விடலாம் என்று நச்சரிப்பு வேறு. அவள் ஓடி விளையாடிய வீட்டை விட்டு நான் எப்படிப் போவேன்?

எதிர்வீட்டுக்குக் கொள்ளேகாலத்திலிருந்து ஒரு பெண் புதிதாகக் குடிவந்தாள். எங்கள் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. உறைமோர் வாங்க வந்தவள் சொன்னாள்:

"சாயங்காலம் லைட்டுப் போட்டா உங்க ஜன்னல் திரையில நெழலு தெரியுதுங்க்கா. நீங்க சமையக்கட்டுக்குப் போறப்ப பொறவாலயே குட்டிப் பாப்பா ஒண்ணு ஓடுது. வெளிய கூட்டியாரவே மாட்டீங்களா?"

அவள் பேசி முடிக்குமுன் திரும்பி என் பின்னால் பார்த்தேன். அது பயமா, ஆசையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவரிடம் சொன்னேன். "ஒரு தடவைதானே" என்றார். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி பார்த்ததாக எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். "ரெண்டு" என்றார். பத்திரிகையை மடித்து வைத்தார்.

மூன்றாம் நாள் விளக்குப் போட்டதும் அவரே போய் எதிர்வீட்டு வாசலில் நின்றார். நான் கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்தேன். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. என் கொலுசுச் சத்தம் மட்டும் கேட்டது.

செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார். வீடு மாற்றும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

"இன்னும் கொஞ்சம் மெதுவா நட" என்றார். "அவளால அவ்வளவு வேகமா ஓடி வர முடியல."