வகுப்புக்கு எட்டுப் பேர்

வாரநாட்களில் அவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து மற்றவர்களின் பார்வைக்கு லென்ஸ் தேய்ப்பார். சனிக்கிழமை காலையில் சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுப்பார். பிழைக்க வந்த நாட்டில் பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். பிள்ளைகளுக்கு அவர் சார். பெற்றோர்களுக்குக் கஞ்ச சார். பத்துக்கு ஏழு மதிப்பெண்ணைத் தாண்டி அவர் யாருக்கும் போட்டதில்லை.

வகுப்பறை இரவல். மற்ற நாட்களில் அது உள்ளூர்ப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு. அந்த ஆசிரியை பலகையின் முக்கால் பங்கில் எதையாவது எழுதி, சுற்றிலும் கோடு போட்டு, அழிக்காதீர்கள் என்று குறித்துவிட்டுப் போவார். மிச்சக் கால் பங்கில் தமிழ் நெருக்கியடித்து உட்கார்ந்துகொள்ளும். சார் நுழைந்ததும் மேசைகளை ஒரு படம் எடுத்துக்கொள்வார். கிளம்பும்போது அந்தப் படத்தைப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி நகர்த்தி வைப்பார்.

அறைக்கு ஒரே நிபந்தனை, எட்டு மாணவர்கள். பள்ளிக் காவலாளி பத்து மணிக்கு வாசலில் நின்று விரல் நீட்டி எண்ணுவார். தொடர்ந்து மூன்று வாரம் குறைந்தால் அறை சதுரங்கக் குழுவுக்குப் போய்விடும். சாரிடம் சரியாக எட்டுப் பேர் இருந்தார்கள், ஒருத்திக்கு நான்கு மதிப்பெண் போடும்வரை.

அவள் பேக்கரிக்காரரின் மகள், ஒன்பது வயது. 'என்னுடைய ஒரு நாள்' என்று பத்து வரி எழுதிவரச் சொல்லியிருந்தார். வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எந்தக் கையெழுத்து எந்த வீட்டு அம்மாவுடையது என்பது சாருக்கு அத்துப்படி. அவள் எழுந்து நின்று, எழுத்துக் கூட்டி, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல் வாசித்தாள்:

"காலை மூன்று மணிக்கு எழுவேன். மாவு மூட்டைகளை இறக்குவேன். இடுப்பு வலிக்கிறது. சிகரெட்டை விட்டு நான்கு மாதம் ஆகிறது."

வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. சார் சிரிக்கவில்லை. நான்கு போட்டு, கீழே 'சிகரெட்டை விட்டது நல்ல செய்தி' என்று எழுதினார். மனதாரத்தான் எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

"ஏங்க, ஒரு எட்டு போட்டிருந்தா கை என்ன தேஞ்சா போயிருக்கும்?" என்றாள் மனைவி.

"அவ எழுதலையே."

"எழுதினவருக்குப் போட்டிருக்கலாம்ல?"

"அவருக்குத்தான் நாலு போட்டேன்."

"நல்லா இருக்கு. இனிமே நம்ம சமையலறையில கிளாஸ் எடுங்க. நான் வாசல்ல நின்னு தலை எண்றேன்."

சார் பேக்கரிக்காரருக்கு போன் செய்தார்.

"மார்க்கை மாத்தப் போறீங்களா சார்?"

"இல்லை. பாப்பாவை அனுப்புங்கன்னு சொல்லத்தான்..."

"எல்லாரும் சிரிச்சாங்களாம். வரமாட்டேங்கறா."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். நான்கை எட்டாக்கினால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று சார் யோசித்தார். நஷ்டமே இல்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

மூன்றாவது சனிக்கிழமையும் ஏழு பேர்தான். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பேக்கரிக்காரர் வந்து நின்றார். காது மடலில் மாவு, கையில் மகளின் நோட்டு.

"பாப்பா எங்க?"

"நீச்சலுக்குப் போயிட்டா. அவளை விடுங்க. என் ஆறு மார்க் எங்க போச்சு? அதைச் சொல்லுங்க."

"பத்து வரி கேட்டேன். நாலுதான் இருக்கு. வரிக்கு ஒண்ணு."

பேக்கரிக்காரர் நோட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தார்.

"அப்ப எழுதினதுல தப்பே இல்லையா?"

"இல்லை."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலையே."

"மிச்ச ஆறையும் எழுதினா?"

"போடுவேன்."

"இங்கயே எழுதறேன். வீட்டுக்குப் போனா தூங்கிடுவேன்."

அவர் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஏழு வயதுக்குச் செய்த நாற்காலி. முழங்கால்கள் மேசைக்கு மேலே வந்தன. பக்கத்துப் பையன் பென்சிலை நீட்டி, "அங்கிள், ரப்பரும் வேணுமா? நிறைய அழிக்க வேண்டியிருக்கும்," என்றான்.

காவலாளி வந்தார். விரல் ஏழு வரை ஓடி, எட்டில் நின்றது. இவரும் மாணவரா என்று தன் மொழியில் கேட்டார். சார் திரும்பிப் பார்த்தார். பேக்கரிக்காரர் நாக்கை லேசாகக் கடித்தபடி எழுதிக்கொண்டிருந்தார். ஆமாம் என்றார் சார். யோசித்துப் பார்த்ததில் அது பொய்யாகவும் படவில்லை. அப்படியென்றால் அடுத்த வாரத்துக்குள் சேர்க்கைப் படிவம் வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காவலாளி போனார்.

சார் ஒரு படிவத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"கடைசியில பாதுகாவலர் கையெழுத்துன்னு ஒரு இடம் இருக்கு. வாங்கிட்டு வரணும்."

"எனக்கு நாப்பத்திரண்டு வயசு சார்."

"வீட்ல உங்களுக்குப் பொறுப்பு யாரு?"

பேக்கரிக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என் பொண்டாட்டிதான்."

"அப்ப அவங்ககிட்ட வாங்குங்க."

அவர் படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஐந்தாவது வரியை முடித்து நோட்டை நீட்டினார். 'சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போவேன்' என்றிருந்தது.

சார் இரண்டு முறை படித்தார்.

"இன்னும் அஞ்சு வரி இருக்கு," என்றார்.