பதில் போகாத முகவரி

அலுவலகத்தில் அவளை 'சர்வர் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கோ வாடகைக்கு ஓடும் கம்ப்யூட்டர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டி மேய்ப்பவள். ஒரு வாடிக்கையாளருக்காக அப்படி ஒரு மெஷினுக்கு இரண்டாவது ஐபி முகவரி, இணையத்தில் அதைத் தேடி வர இன்னொரு எண், வாங்கிப் போட்டிருந்தாள். அது உயிரில்லாமல் கிடந்தது. அவசரமில்லை என்று வாடிக்கையாளரே சொன்னதால் நாளை, நாளை என்று வாரங்கள் ஓடிவிட்டன.

ஒரு மத்தியானம் கை சற்று ஓய்ந்தபோது தோண்ட ஆரம்பித்தாள். வேண்டாததை வாசலிலேயே தடுக்கும் ஃபயர்வாலில் குற்றமில்லை. கோளாறு மெஷினுக்குள் இருந்தது. வெளியே புது முகவரி கொடுத்தாயிற்று. உள்ளே அதைச் சொல்லவே இல்லை. வந்ததையெல்லாம் 'எனக்கில்லை' என்று மெஷின் காதில் வாங்காமல் விட்டிருந்தது. இரண்டு வரி சேர்த்தாள். சரியாகிவிட்டது.

சற்று நேரத்தில் திரையில் ஒரு செய்தி விழுந்தது. 'உதவிப் பொத்தான். பின் அறை.' கீழே ஒரு போன் நம்பர். அந்த முகவரி முன்பு வேறு யாரிடமோ இருந்திருக்கிறது; வீட்டில் விழுந்துவிடும் முதியவர்களுக்கு ஆள் அனுப்பும் கம்பெனி போலும். கம்பெனியை இழுத்து மூடியிருக்க வேண்டும். பொத்தானுக்கு அது தெரியுமா? இன்னும் பழைய முகவரிக்கே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. உடனே கூப்பிட்டாள்.

எடுத்தவர் வயதானவர். தனக்கு ஒன்றுமில்லை, பொத்தான் மனைவியுடையது என்றார். போன மாதம் அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது மனைவி பின் அறையில் விழுந்திருக்கிறார். திரும்பி வந்தால் உயிரில்லை. விரல் கழுத்தில் தொங்கிய பொத்தான் மேலேயே இருந்தது. அழைப்பு போய்ச் சேர்ந்தால் பச்சை விளக்கு, சேராவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அவரும் தினம் அமுக்கிப் பார்க்கிறார்.

"இன்னைக்குத்தாம்மா பச்சை வந்துச்சு. அன்னைக்கு ஏன் வரலை?"

தேதி கேட்டுக்கொண்டு பார்த்தாள். அன்றைக்கு முகவரி அவளிடம்தான் உயிரில்லாமல் கிடந்தது. மறைக்க மனம் வரவில்லை; எல்லாவற்றையும் சொன்னாள்.

"பச்சை வந்திருந்தாலும் யாரும் வந்திருக்க மாட்டாங்க ஐயா. இங்க வெறும் மெஷின்தான் இருக்கு."



"யாரோ வர்றாங்கன்னு நெனச்சுக்கிட்டாவது போயிருப்பா," என்றார் பெரியவர்.

வாடிக்கையாளருக்கு வேறு முகவரி வாங்கிக் கொடுத்தாள். இதைத் திருப்பித் தரவில்லை. இன்னும் எத்தனை கழுத்துகளில் அந்தப் பொத்தான் தொங்குகிறதோ. செய்தி வந்தால் தன் போன் அடிக்கும்படி செய்து வைத்தாள். ஏன் எந்நேரமும் போனைக் கையிலேயே வைத்திருக்கிறாய் என்று கணவன் கேட்டதற்கு, ஆபீஸ் வேலை என்று சொல்லி மழுப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. வேறு வீடு. 'குளியலறை.' கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாமென்றால் தெரு எது, வீடு எது? திரும்பத் திரும்ப அதே நம்பரை அழுத்தினாள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். மாமனாரின் சட்டைப் பையில் கிடந்த பொத்தான் துணியோடு குளியலறை வாஷிங் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்ததாம். மாமனார் டிவி பார்க்கிறாராம்.

அந்தப் பொத்தானை இனி நம்ப வேண்டாம் என்று எடுத்துச் சொல்லிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கணவன் தண்ணீர் கொண்டுவந்தான். டம்ளரை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, போன் சத்தமாக அடிக்கும்படி இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.