துரைசானி சுட்ட பணியாரம்

துரைசானி காரைவிட்டு இறங்குவதற்கு முன்பே அயித்தை என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு போய் வளவு முற்றத்துத் தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள். அயித்தை என்றால் அப்பச்சியின், அதாவது எங்கள் அப்பாவின், அக்காள். அப்பச்சி ரங்கூனில் இருந்ததால் கீழச்சிவல்பட்டியில் அந்தப் பெரிய வீட்டை அவள்தான் ஆண்டுகொண்டிருந்தாள்.

"அந்தம்மா எது குடுத்தாலும் வாயில வைக்கப்படாது. தின்னா ஆத்தா மொகம் மறந்துபோகும், சாமி பேரு மறந்துபோகும். அப்புறம் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயிருவாக."

ஆத்தாளுக்கு முதல் நாளே வலி கண்டிருந்தது. பிள்ளை பிறக்கவில்லை. ஊர் மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆத்தாளின் தம்பியான எங்கள் அம்மான் காரைக்குடிக்கு ஓடி, அங்கே வந்து தங்கியிருந்த மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியைக் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தார். "இங்கிலீசுக்காரி இல்ல ஆச்சி, டென்மார்க்கு தேசம்" என்று அவர் சொன்னது அயித்தை காதில் 'தேன்மார்க்கம்' என்று விழுந்தது. தேனைத் தடவித் தங்கள் மார்க்கத்தில் சேர்த்துக்கொள்கிறவர்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. அயித்தை முடிவு கட்டிய எதையும் நான் சந்தேகித்ததில்லை.

துரைசானி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "பிள்ளைகளே, பயப்படாதேயுங்கள்" என்றாள். மனிதர் யாரும் அப்படித் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அசரீரி பேசினால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. பயம் இரண்டு மடங்காயிற்று.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது. ஆத்தாளின் அலறல் மட்டும் கதவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. தம்பி ஒவ்வொரு அலறலுக்கும் என் பாவாடையைப் பிடித்து இழுத்தான். உச்சி வெயில் வளவுக்குள் இறங்கியபோது அந்தச் சத்தம் நின்றுவிட்டது. சத்தம் இருந்தவரை ஆத்தா இருந்தாள். சத்தம் நின்றதும் நான் தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்துத் துரைசானி வெளியே வந்தாள். தொட்டித் தண்ணீரில் கையை முழங்கைவரை கழுவினாள். கழுவிய கையையே மறுபடியும் கழுவினாள். பிறகு அயித்தையிடமும் அம்மானிடமும் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். அயித்தை தூணைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து எங்களிடம் வந்தாள்.

"அந்தம்மா கூட அடுப்படிக்குப் போங்க. என்ன குடுத்தாலும் தின்னுக்கிட்டு அங்கேயே இருங்க. இங்குட்டு வரப்படாது."

காலையில் சொன்னது என்ன, இப்போது சொல்வது என்ன? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அது அயித்தையின் முகமாகவே இல்லை. இவளையும் மார்க்கத்தில் சேர்த்துவிட்டார்கள், எங்களைக் கொடுத்துவிட்டு ஆத்தாளை மீட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். "ஆத்தா எங்க?" என்றேன். "தூங்குறா. போ" என்றாள்.

எங்கள் வீட்டில் முகப்பு வாசல் முதல் பின்கட்டு வாசல் வரை நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அடுப்படிப் பக்கமிருந்து பார்த்தால் தெருவில் போகிற மாடு தெரியும். துரைசானி முதல் வேலையாக நடுக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எங்களைக் கதவுக்கு முதுகு காட்டி அடுப்புக்கு எதிரே உட்கார வைத்தாள்.

சுவரில் மாட்டியிருந்த பணியாரச் சட்டியைக் கண்டதும் அதை எடுத்து, குழிகளை விரலால் தடவினாள். "எங்கள் தேசத்திலும் இது உண்டு. என் தாயார் இதிலே பணியாரம் சுடுவார்கள்" என்றாள். நான் நம்பவில்லை. அது எங்கள் சட்டி.

சமையற்காரி கோதுமை மாவும் மோரும் சீனியும் கோழிமுட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாள். துரைசானி முட்டையை உடைத்து வெள்ளையைத் தனியே எடுத்து அடித்தாள். நெருப்பில்லாமலே அது பாலைப்போலப் பொங்கிற்று, பிறகு பஞ்சாக நின்றது. தம்பி வாயைப் பிளந்தான். நான் அவனைப் பின்னால் இழுத்தேன். ஏலக்காயைத் தட்டிப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தாள். அப்புறம் தன் பையைத் திறந்து முழ நீளத்தில் ஓர் இரும்பு ஊசியை எடுத்தாள்.

ஆத்தா இருந்த அறைக்குள் போன பை அது. இந்த ஊசியால்தான் ஏதோ செய்திருக்கிறாள் என்று நினைத்தேன். கம்பளி பின்னுகிற ஊசி என்று அப்போது எனக்கு யார் சொல்வார்கள்? அவள் அதைக் கொதிக்கிற நீரில் கழுவி, நெய் காய்ந்த குழிகளில் மாவை ஊற்றினாள். நாங்கள் பணியாரத்தை ஒருமுறை புரட்டிப் போடுவோம். அவளோ ஊசி நுனியால் கால்வாசி திருப்பினாள். உள்ளே இருந்த மாவு வழிந்து குழியை நிரப்பியது. மறுபடி கால்வாசி. கடைசியில் அது பந்தாக உருண்டது. மேலே சீனியைத் தூவித் தம்பியிடம் நீட்டினாள்.

அவன் கையை நீட்டிவிட்டான். நாலு வயசுப் பிள்ளை, காலையிலிருந்து பட்டினி. நான் பாய்ந்து அதைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். கப்பலில் போனால் நான் போகிறேன், அவனாவது ஆத்தாளிடம் இருக்கட்டும் என்றுதான். நாக்கு வெந்தது. மெல்லாமல் விழுங்கிவிட்டு, ஆத்தா முகத்தை நினைத்துப் பார்த்தேன். இருந்தது. "நமச்சிவாய" என்றேன். அதுவும் வந்தது. அதற்குள் துரைசானி அடுத்ததைத் தம்பி வாயில் ஊட்டிவிட்டாள். அவன் சிரித்தான்.

அவள் நிறுத்தவில்லை. ஈடு ஈடாகச் சுட்டாள். தம்பி போதும் என்றாலும் அவன் தட்டில் வைத்தாள். அப்போது சாத்திய கதவுக்கு அப்பால் நிறைய காலடிச் சத்தம் கேட்டது. அம்மான் ஏதோ சொன்னார், முகப்புக் கதவு கிறீச்சிட்டது. யாரோ வாய்க்குள் அடக்கி அழுவது போலிருந்தது. நான் திரும்பினேன். துரைசானி என் மோவாயைப் பிடித்துச் சட்டிப் பக்கம் திருப்பினாள். "இதோ பார், உருளுகிறது பார். கை தட்டுங்கள், பிள்ளைகளே, கை தட்டுங்கள்" என்று உரக்கச் சொன்னாள். தம்பி தட்டினான். என் மோவாயில் இருந்த கையை அவள் எடுக்கவே இல்லை. மறு கையின் விரல் சட்டி விளிம்பில் பட்டுச் சிவந்ததைக்கூட அவள் பார்க்கவில்லை. என்னைக் கப்பலில் ஏற்றுவதற்குள் யாராவது வந்துவிடுவார்களோ என்று அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு கண் சொருகியது. விஷம் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டேன். தம்பியின் கையை இறுகப் பிடித்தபடி அடுப்படித் தரையிலேயே சாய்ந்தேன்.

விழித்தபோது மறுநாள் விடிந்திருந்தது. நான் என் பாயில், என் வீட்டில்தான் இருந்தேன். துரைசானி போய்விட்டிருந்தாள். அன்று மாலைதான் ஆத்தாளைப் பார்க்க விட்டார்கள். தொட்டில் கட்டவில்லை. "பாப்பா எங்க?" என்று தம்பி கேட்டதற்கு, "சாமி இன்னும் குடுக்கல" என்றாள் அயித்தை. நான் அதையும் நம்பினேன். பிறந்தபோதே மூச்சில்லாத பெண் குழந்தையைத் துணியில் சுற்றி நாங்கள் கை தட்டிய நேரத்தில்தான் அம்மான் முகப்பு வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார் என்பது, எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோதுதான் தெரியவந்தது.

ஆத்தா வெளுத்துக் கிடந்தாள். என்னைப் பக்கத்தில் அழைத்துத் தலையைத் தடவினாள்.

"அந்தம்மா பணியாரம் சுட்டுக் குடுத்தாகளாமே. தின்னியா?"

"தின்னேன்."

"தம்பி அழுதானா?"

"இல்ல ஆத்தா. சிரிச்சான். கை தட்டுனோம்."

ஆத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது. சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டுவிட்டேன் என்றுதான் அழுகிறாள் என்று எண்ணி, "தம்பிக்குக் குடுத்தத புடுங்கி நான் ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன் ஆத்தா, எனக்கு உன் மொகம் மறக்கவே இல்ல" என்று அவளிடம் சத்தியம் செய்துகொண்டே இருந்தேன்.