அம்மாயி பேச்சை எடுக்காதே

எனக்கு எட்டு வயது நடந்தபோது எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. என் பாட்டி அம்மாயியின் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. சட்டம் போட்டது அம்மா. வெள்ளைக்காரன் சட்டங்களைக் கொல்லிமலையில் அவ்வளவாக யாரும் கண்டுகொண்டதில்லை. அம்மாவின் சட்டத்தை மீற ஒருவருக்கும் துணிவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் அம்மாயி காய்ச்சலில் போய்விட்டாள். மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம்; பெரக்கரை நாட்டில் தனியாகக் கிடந்த தாத்தாவை, என் அப்புச்சியை, திண்ணனூர் நாட்டிலிருந்த எங்கள் வீட்டுக்கு அம்மா அழைத்து வந்தாள். மிளகு பறிக்க மரம் ஏறுவதில் இளவட்டங்களைத் தோற்கடிப்பவர் அவர். வந்தவரோ சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். நாய் குரைத்தால் மார்பைப் பிடித்துக்கொள்வார். "படபடங்குது கண்ணு, இன்னிக்குத் தாண்டமாட்டேன்" என்பார். தாண்டிவிடுவார். மறுநாளும் அதையே சொல்வார். மூச்சு வாங்கியது, கால் வீங்கியது. இனி எதற்கு என்று கொடுவாளை அப்பாவிடமும் கம்பளியை என்னிடமும் கொடுத்துவிட்டார். கம்பளி கிடைத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

அம்மா வீட்டில் சத்தமே இல்லாமல் செய்தாள். சாமை குத்துவது பக்கத்து வீட்டுக்கு மாறியது. நான் உரக்கச் சிரித்தால் முதுகில் ஒன்று விழும். கஞ்சியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் நகர்ந்துவிடுவாள்.

கோழி அறுத்து வேண்டியும் குறையவில்லை. ஒரு விடியலில் அப்பாவும் பங்காளிகள் மூவரும் கம்பில் தூளி கட்டி, அப்புச்சியை அடிவாரத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மலைக்கு ரோடு இல்லாத காலம். பின்னால் அம்மா, அவள் சேலையைப் பிடித்தபடி நான்.

டாக்டர் குழாயை மார்பில் வைத்து நெடுநேரம் கேட்டார். அப்புறம் கேட்டவைதான் விசித்திரமாக இருந்தன. "ஏனுங்க பெரியவரே, தூக்கம் வருதுங்களா? ஊட்ல யாருகூடப் பேசுவீங்க?"

அப்புச்சி கூரையைப் பார்த்தார். "எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. பேசத்தான் ஆளில்லீங்க. அவளைப் பத்திச் சொல்லலாம்னு வாயைத் தொறந்தா எந்திரிச்சுப் போயிடறாங்க."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் அவளைத் தனியே அழைத்தார். சேலையை விடாமல் நானும் போனேன். "இருதயம் பலவீனமாத்தாம்மா இருக்குது. மருந்தை நிறுத்தாமக் குடுங்க. ஆனா துக்கமும் பயமும் சேந்து அதை இன்னும் வெரட்டுது. தனியாப் போட்டு வெக்காதீங்க. மேடு ஏற வேண்டாம். சமமான எடத்துல தினமும் கொஞ்சம் நடக்கட்டும். அழுதா அழ உடுங்க."

"பேசுனா நெஞ்சு வெடிச்சிருமோன்னு பயந்துட்டனுங்க" என்றாள் அம்மா.

திரும்பி ஏறும்போது பாதி வழியில் ஓர் ஓடையோரம் தூளியை இறக்கினார்கள். அம்மா கட்டிவந்த கேழ்வரகுக் களியைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். பசியில் எனக்குச் சட்டம் மறந்துபோனது.

"கட்டி கட்டியா இருக்குது. அம்மாயி கிண்டுனா இப்படி இருக்காது" என்றேன்.

எல்லோர் கையும் அப்படியே நின்றது. அப்புச்சியின் தோள் குலுங்கியது. அவரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்து ஓடிப்போய் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் அழுவது கேட்டது. அவ்வளவு நேரம் ஓர் ஆண்பிள்ளை அழுது நான் கேட்டதில்லை.

அப்புறம், "எங்க அந்தப் புள்ளை? வரச் சொல்லு" என்றது அவர் குரல். பாறையை விட்டு வெளியே வந்தேன். "உங்க அம்மாயியா? கண்ணாலம் ஆன மறுநா அவ கிண்டுன களியை நாய்கூட மோந்து பாக்கலை சாமி!"

அப்பா சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே அப்புச்சியும் சிரித்தார். எனக்கு அடி விழவில்லை.

மேலே சமதரை வந்ததும் தூளியை நிறுத்தச் சொல்லி, அப்பாவின் தோளைப் பிடித்து இருபது அடி நடந்தார். அந்த மாதக் கடைசியில் தோட்டம்வரை நடந்தார். மருந்து தீரத் தீர அப்பா அடிவாரம் போய் வாங்கி வந்தார். மார்பு முழுக்கச் சரியாகிவிடவில்லை. ஆனால் படபடப்பு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பாமல் யாரையாவது கூப்பிடப் பழகிக்கொண்டார். கம்பளியையும் என்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார். இன்னும் ஏழு வருஷம் இருந்தார்.

சாயங்காலமானால் அம்மாயி கதைதான். அவர் பக்கத்தில் என் இடம். அம்மா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, என்னை நகர்த்திவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்வாள். "அப்பறம் அம்மா என்னங்கப்பா சொன்னாங்க?" என்று, கேட்ட கதையையே மறுபடி கேட்பாள். இவ்வளவு பெரியவளுக்குக் கதை எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வரும். அம்மாயி போனபோது அம்மாவுக்கும் ஓர் அம்மா போயிருந்தாள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.