பத்தொன்பதே முக்கால் கோடி கோடிச் சங்கிலி

நில அளவை அலுவலகத்தின் நான்காம் அறையில் அந்த அம்மாள் இருபத்தாறு வருடம் ஒரே ஒரு வேலையைத்தான் செய்துவந்தார். மனுக்களில் மக்கள் மீட்டரில் எழுதிக் கொடுக்கும் தூரத்தைச் சங்கிலிக்கு மாற்றுவார். சங்கிலி என்றால், அந்தக் காலத்தில் நிலம் அளக்க இழுத்துக்கொண்டு போன இரும்புச் சங்கிலி. அறுபத்தாறு அடி நீளம், அதில் நூறு கண்ணி. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாரும் அலுவலகத்தில் மிச்சமில்லை. அளப்பவர்கள் மீட்டரில் அளந்தார்கள், மனு கொடுப்பவர்களுக்கும் மீட்டர்தான் புரிந்தது. விதிப்புத்தகத்துக்கு மட்டும் புரியவில்லை.

சக ஊழியர்கள் அவரைச் சங்கிலியக்கா என்றார்கள். அவருக்குப் பின்னால் சேர்ந்த மூன்று பேர் பதவி உயர்ந்து மாடிக்குப் போய்விட்டார்கள். அக்காவை அனுப்பினால் அந்த நாற்காலியில் உட்கார ஆள் கிடையாது என்பதால், அவருடைய திறமைக்கு மரியாதை செய்து அவரை அங்கேயே வைத்திருந்தார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவர் கணவருக்கும் இதில் பங்கு உண்டு. ஒருமுறை திரைச்சீலை வாங்கக் கடையில் நின்றுகொண்டு, ஜன்னல் எவ்வளவு என்று போனில் கேட்டார்.

“பத்து கண்ணி” என்றார் அக்கா.

“கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கறாரும்மா. மனுஷங்க பேசற கணக்குல சொல்லேன்.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு வானாய்வு நிலையம் குன்றின்மேல் கொஞ்சம் நிலம் கேட்டு மனு போட்டது. புதிதாக வந்திருந்த அதிகாரி சிவப்பு மையோடு பிறந்தவர். மனுவின் மூன்றாம் பக்கத்தைச் சுழித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார்.

“என்னம்மா இது, இங்க தூரம் சங்கிலியில இல்லையே?”

“அது நட்சத்திரத்தோட தூரம் சார். நம்ம நிலத்துல வராது.”

“மனுவுல இருக்கா, இல்லையா?”

“இருக்கு சார்.”

“அப்ப மாத்துங்க. பூமியில இருக்கற தூரம் மட்டும்னு விதியில எங்கயாவது போட்டிருக்கா?”

அக்கா புரட்டிப் பார்த்தார். போட்டிருக்கவில்லை. விதி எழுதியவர்களுக்கு இப்படி ஓர் அதிகாரி வருவார் என்று தோன்றவில்லை போலும்.

பக்கத்திலிருக்கும் நட்சத்திரம் 4.2 ஒளியாண்டு தூரம் என்று மனுவில் இருந்தது. கீழேயே கிலோமீட்டரிலும் ஓர் எண் இருந்தது. மேசைக் கணக்குப்பொறி அத்தனை இலக்கத்தைத் தாங்காமல் கையை விரித்துவிட்டது. பழைய வரைபடம் ஒன்றின் பின்பக்கத்தில் அக்கா கையாலேயே வகுக்க ஆரம்பித்தார். அதுவரை அவர் வகுத்ததில் மிகப் பெரிய தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் வாய்க்கால் ஒன்று. ஒளி ஒரு நொடியில் எத்தனை மீட்டர் போகும், வருடத்துக்கு எத்தனை நொடி என்று எழுதிக்கொண்டே போனவருக்கு அன்று மதியச் சாப்பாட்டு மணி காதில் விழவில்லை. ஏதோ ஒரு பெரிய கதவை முதன்முதலாகத் தள்ளுவதுபோல் இருந்தது.

பத்தொன்பதே முக்கால் கோடி கோடிச் சங்கிலி வந்தது. சரிபார்க்கக் கிலோமீட்டரிலிருந்து வகுத்தால் இரண்டு கோடி கோடியைக்கூடத் தொடவில்லை. தன் கணக்கில்தான் தப்பு என்று மூன்று முறை போட்டுப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் போய், கிலோமீட்டரில் ஒரு பூஜ்ஜியம் குறைகிறது என்றார்.

“விஞ்ஞானிங்க தப்பா எழுதுவாங்களா? நீங்க ஒழுங்கா வகுத்துப் பாருங்க.”

அக்கா ஒழுங்காகக் குறைபாட்டுக் கடிதம் எழுதி அனுப்பினார்.

மூன்றாம் நாள் நிலையத்தின் வானியலாளர் கடிதத்தோடு நேரில் வந்தார். வரும்போது சிரித்துக்கொண்டே வந்தார். அக்கா வரைபடத்தைத் திருப்பி நீட்டியதும், போனில் எதையோ தட்டிப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

“இந்த நம்பர் எங்க சுவர்ப் பலகையில பதினொரு வருஷமா இருக்குங்க” என்றார் மெதுவாக. “எழுதிக் குடுத்ததே நான்தான்.”

“பரவால்ல சார், ஒரு பூஜ்ஜியம்தானே” என்றார் அக்கா. ஆறுதலாகத்தான் சொன்னார்.

அதிகாரிக்குப் பூஜ்ஜியத்தைப் பற்றிக் கவலையில்லை. “கண்ணி வரைக்கும் துல்லியமா குடுங்க. பத்தொன்பதே முக்காலாம். இது என்ன கத்தரிக்கா வியாபாரமா?”

“அவ்வளவு துல்லியமா யாருக்கும் தெரியாதுங்க” என்றார் வானியலாளர்.

“அப்ப அளக்காமலா எழுதினீங்க?”

அக்காவுக்குத்தான் வழி தெரிந்தது. அதைச் சொல்ல மனசு வரவில்லை என்பதும் முகத்தில் தெரிந்தது.

“சார், அந்தப் பக்கத்தையே மனுவுலேர்ந்து எடுத்துட்டா?”

எடுத்தார்கள். ஒரே வாரத்தில் நிலம் கிடைத்தது. குப்பைக்கூடைக்குப் போகவேண்டிய கணக்குத் தாளை வானியலாளர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கணக்கின் துல்லியத்தைப் பாராட்டி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. வழக்கப்படி அது அதிகாரி பெயருக்கு வந்தது. அவரும் வழக்கப்படி சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். அக்கா அந்தச் சட்டத்தை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் அதை ஆணியிலிருந்து கழற்றி நகல் எடுத்து, வாழ்க்கையில் முதன்முறையாகப் பதவி உயர்வு கேட்டு எழுதி, நகலை அதோடு இணைத்தார். அதிகாரியால் மறுக்க முடியவில்லை. அலுவலகத்தின் துல்லியத்தைப் பற்றி அந்தக் கடிதத்தின் அடியில் அவரே பெருமையாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

மாடிக்குப் போன பிறகு வந்த முதல் விடுமுறை நாளில் கணவரோடு நிலையத்துக்குப் போனார். பகல் என்பதால் நட்சத்திரம் ஒன்றும் தெரியவில்லை. பலகை தெரிந்தது. பூஜ்ஜியத்தைச் சேர்த்திருந்தார்கள். அதற்கடியில் புதிதாக ஒரு வரி, சங்கிலியில்.

“சங்கிலின்னா என்னங்க?” என்று கண்ணாடி போட்ட ஒருவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி, நகையாக இருக்கும் என்றார்.

அக்கா நகரப் பார்த்தார். கணவர் விடவில்லை.

“அறுபத்தாறு அடிங்க” என்றார், கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “வகுத்தது இவங்கதான். கையால.”