வளையம் வைக்காத பவுன்கள்

கல்கத்தாவில், பவானிபூரில் குடியிருந்த நாளில் தங்க விஷயத்தில் என்னை ஏமாற்றியவர் எவரும் கிடையாது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் கிடையாது.

என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தா. அங்கே பெரிய துரைக்குப் பழைய நாணயம் என்றால் உயிர். இளவயது ராணியின் முகமும் பின்பக்கம் கேடயமும் போட்ட பவுன், கீறல் படாமல் கிடைத்தால் எடைக்கு மேல் விலை கொடுத்து வாங்குவாராம். குதிரைவீரன் போட்ட புதுப் பவுனுக்கு அந்த மவுசு இல்லை. இவர் இதைச் சாப்பிடும்போது ஆபீஸ் வம்பாகத்தான் சொன்னார். நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தீபாவளிக்குத் தீபாவளி பட்டுப்புடவை வேண்டாம், ஒரு பவுன் போதும் என்பேன். தெருக்கோடி நாணயக் கடையில், வங்காளிகள் கினி என்று சொல்லும் அந்தப் பவுன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். கேடயம் இருக்க வேண்டும். ராணியின் கன்னம் தேய்ந்திருக்கக் கூடாது. இந்த மதராஸி மா வந்தால் அன்றைக்கு வேறு வியாபாரம் நடக்காது என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொள்ளட்டுமே! ஆறு சேர்ந்தன. பழைய மல்வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

எல்லாம் என் ஒரே பெண்ணுக்காக. நகையாகப் போட்டு அனுப்பினால் அது மாமியார் பீரோவுக்குப் போகும், நாத்தனார் கல்யாணத்துக்கு உருகும். பழைய பவுனாக இருந்தால் வருஷம் போகப்போக விலை ஏறும், அவள் கையிலேயே இருக்கும். அவளுக்கென்று ஒன்று இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஆனால் நம்மவர்களுக்குப் பவுன் என்றால் காசுமாலைதான். வளையம் பற்றவைத்துக் கோத்துக் கழுத்தில் போட்டால்தான் தங்கம். நெருப்புப் பட்ட பவுன் எடைக்குத்தான் போகும் என்று இவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தேன். மனுஷர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கூலி கொடுக்கப் பணமில்லாமல்தான் நான் கோக்காமல் வைத்திருக்கிறேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

பெண்ணின் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், புடவைகளை வெயிலில் போடலாமென்று பெட்டியைத் திறந்தேன். பவுன் மூட்டையைக் காணோம். அப்பா தட்டான் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார், உன்னிடம் சொல்லக் கூடாதென்றார் என்று பெண் மென்று விழுங்கினாள். உலையில் அரிசி கொதிக்க, டிராம் ரோட்டைத் தனியாகத் தாண்டியறியாத நான், தாண்டி ஓடினேன்.

தட்டான் ஊதுகுழலை வாயில் வைத்திருந்தார். ஒரு பவுனுக்கு வளையம் ஏறிவிட்டது. அடுத்தது கரிமேல் காத்திருந்தது. நிறுத்து என்பதற்கு எனக்குத் தெரிந்த வங்காளியில் "தாமோ!" என்று கத்தினேன். அவர் குழலைக் கீழே போட்டுவிட்டார். மிச்சத்தை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். கடைத்தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன்.

இவர் குரலை உயர்த்தவில்லை.

"கல்யாணத்துல எல்லாரும் காசுமாலையோட வருவா. நீ மட்டும் மொட்டைக் கழுத்தா நிக்கணுமா? என்னால பார்க்க முடியலடி," என்றார்.

மாலை பெண்ணுக்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். எனக்காக என்று எனக்குத் தோன்றவேயில்லை. வீட்டுக்கு வரும்வரை அழுதேன்.

கல்யாணத்தன்று ஐந்து பவுனையும் பெண்ணின் கையில் கொடுத்தேன். உருக்காதே, வளையம் வைக்காதே, யார் கேட்டாலும் கொடுக்காதே என்றேன். அவளும் என் பெண்தான்; இன்றுவரை யாரிடமும் கொடுக்கவில்லை. துரை போன பிறகு வந்த துரையும் ஆள்மேல் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டார். போன தடவை சொல்லியனுப்பிய விலையைக் கேட்டு இவரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை.

வளையம் வைத்த பவுனை எந்தத் துரையும் கையால் தொடமாட்டார். அதைத் தாலிச் சரட்டில் கோத்துப் போட்டிருக்கிறேன். சம்பந்தி அம்மாள் கல்யாணப் பந்தலிலேயே அதைக் கவனித்து, ஒற்றைக் காசுதானா என்று கேட்டாள்.

"ஆமாம், எங்காத்துக்காரர் பண்ணிப் போட்டது," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.