சாகுல் காக்காவின் வலிக்காத கால்

"வாப்பா போயிட்டாங்க மாமா" என்று சாகுல் காக்காவின் மகள் போனில் சொன்னபோது, சான்பாடாவில் ஒரு கடைக்குப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. கத்திக்குச் சாகாத மனிதரைச் சர்க்கரை உள்ளேயிருந்து அரித்துக் கொன்றுவிட்டது.

தாராவியில் அவருடைய தோல்பைப் பட்டறையும் என்னுடையதும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். வாய் பேசுவதற்குள் கை பேசிவிடும் அவருக்கு. என்னையே அறைந்திருக்கிறார். சாயங்காலம் அவரே சாயாவும் வாங்கித் தருவார்.

மாமூல் கேட்டுத் தடியர்கள் வந்த அன்று, இங்கே அவருக்காகக் கூடியிருக்கும் உங்களில் பலர் சந்தில் நின்றீர்கள். தையல் மிஷினை உதைத்துக் கவிழ்த்தார்கள். ஒருவன் கத்தியை நீட்டினான். அவனும் நம் பக்கத்துத் தமிழன்தான். காக்கா தோலில் துளை போடும் குத்தூசியை எடுத்துத் தன் இடது பாதத்திலேயே ஓங்கி இறக்கினார். ரத்தம் தரையில் ஓடியது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"என்னையே இப்பிடிக் குத்துதேன்னா, ஒன்னைய என்ன செய்வேன்னு பாத்துக்கோலே."

நீட்டிய கத்தி தாழ்ந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். காக்காவுக்கு வலியே கிடையாது என்று ஐரோலி வரை போய்ப் பீற்றிக்கொண்டோம். ஏன் வலிக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான்.

அந்தப் புண் ஆறவே இல்லை. விரல்கள் கறுத்து நாறின. ரத்தக்குழாயின் உட்சுவரில் ஒரு மெல்லிய படலம் உண்டாம். பல வருடச் சர்க்கரை அதைக் கெடுத்து, குழாயைச் சுருக்கி அடைத்துவிட்டது என்றார் டாக்டர். போதிய ரத்தம் போகாமல் நரம்பு செத்தது, அதனால் வலி இல்லை. ரத்தம் சரியாகப் போகாத இடத்தில் புண்ணும் ஆறாது. சிறுநீரகத்திலும் இதயத்திலும் அதே சேதம் நடக்கிறது என்றும் சொன்னார். "மேல்தோல் பளபளன்னு இருக்கு, உள்ள வச்சுத் தச்ச அஸ்தர் துணி கிழிஞ்சு போச்சு" என்றார் காக்கா. முழங்காலுக்குக் கீழே அறுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் தண்ணீர்ச் செம்பைச் சுவரில் விட்டெறிந்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னார்:

"அந்தக் கால் மரத்துப் போயி ரொம்ப நாளாச்சுடே. வலிக்காதுன்னு தெரிஞ்சுதான் குத்துனேன். பயத்துல தொடை நடுங்கிச்சு. நான் போனப்புறம் எல்லார்ட்டயும் சொல்லிரு."

சொல்லிவிட்டேன். அவருடைய வீரத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பயம் எனக்குப் போதும். எனக்கும் சர்க்கரை உண்டு. தினமும் காலையில் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், உணர்ச்சி இருக்கிறதா என்று விரலால் அழுத்துகிறேன். நேற்றுப் பட்டறையில் ஓர் ஆணி காலில் ஏறியது. வலி தாங்காமல் சந்தே கேட்கக் கத்தினேன். காக்கா இருந்திருந்தால் சாயா வாங்கித் தந்திருப்பார்.